கரீபியன் சுழியோட்ட விடுமுறை: விடுதியைப் பிறகு பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால விடுமுறையைக் கரீபியன் தீவுகளில் கழிக்க விரும்புவோருக்காகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். எந்த மாதத்தில் விமானச் சீட்டு மலிவு, எந்த ஹோட்டலில் சைவச் சாப்பாடு கிடைக்கும், சிறுவர்களுக்கு ஏற்ற ஆழமற்ற கடற்கரை எங்கே உண்டு என்பன போன்ற விவரங்கள் பலருக்கும் உதவியிருக்கும். ஆனால் காற்றுச் சிலிண்டருடன் கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா சுழியோடுதலைப் பற்றிக் கட்டுரையாளர், பெரும்பாலான ஹோட்டல்களிலேயே அந்த வசதி உண்டு என்ற ஒரே வரியுடன் கடந்துபோய்விட்டார். கடலுக்குள் இறங்குவதையே நோக்கமாகக் கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது என்பதோடு, அதை நம்பி ஹோட்டலை முதலில் பதிவு செய்கிறவர்கள் வீணாகப் பணத்தையும் நாட்களையும் இழக்கவும் கூடும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் நம்மவர் பிள்ளைகள் பலர் இப்போது சுழியோடப் பழகுகிறார்கள். வகுப்புப் பாடத்தையும் நீச்சல் தடாகப் பயிற்சியையும் குளிர்காலத்தில் இங்கேயே முடித்துக்கொண்டு, திறந்த நீரில் செய்ய வேண்டிய இறுதிப் பகுதியை வெப்பமான கடலில் முடிக்கும் ஒழுங்கும் உண்டு. ஒன்ராறியோ ஏரிகளின் குளிரை அறிந்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். அப்படிப் புறப்படுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, பயண முகவரிடம் போய் உணவும் குடிவகையும் தங்குமிடமும் அடங்கிய ஒரு பக்கேஜை வாங்குவதுதான். ஹோட்டலைத் தெரிவு செய்த கணமே எந்தக் கடல், எந்தப் படகு, எந்த வழிகாட்டி என்பனவும் பாதி முடிவாகிவிடுகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மெக்சிக்கோவின் கொசுமெல் தீவின் பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில் கான்கூனை அண்டிய பெருநிலக் கரையில் அறை எடுப்பவர், ஒவ்வொரு சுழியோட்ட நாளிலும் வாடகை வண்டியில் பிளாயா டெல் கார்மென் துறைக்குப் போய், பயணிகள் படகில் ஏறி இடையிலுள்ள கடலைக் கடந்து, அக்கரையில் இறங்கி இன்னொரு படகைத் தேட வேண்டியிருக்கும். டொமினிக்கன் குடியரசில் புன்ரா கானாவின் ஹோட்டல்களைப் பதிவு செய்துவிட்டு, நல்ல சுழியோட்டத்துக்காக பாயாஹீபே வரை வண்டியில் ஓடுகிறவர்களின் கதையும் இதுவே.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். முதலில் உங்களுக்கு ஏற்ற சுழியோட்டம் எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அதை நடத்தும் நிறுவனத்தைத் தேடுங்கள். கட்டிலையும் மெத்தையையும் கடைசியாகப் பாருங்கள். கரீபியன் கடலில் ஒரு தீவைப்போல் இன்னொரு தீவு இருப்பதில்லை. இதை விளக்க, முற்றிலும் மாறுபட்ட இரண்டு தீவுகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று பொனேர். வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே, நெதர்லாந்தின் ஆளுகைக்குட்பட்ட சிறிய, வறண்ட தீவு. சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால், மற்றத் தீவுகளில் ஓகஸ்ட், செப்டெம்பரில் இருக்கும் பதற்றம் இங்கே குறைவு. 1979 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருந்துவருகிறது. இத்தீவின் சிறப்பு, படகே இல்லாமல் கரையிலிருந்து நடந்துபோய் இறங்கலாம் என்பது. காற்று மறைவான மேற்குக் கரையோர வீதியில், இறங்கும் இடங்களின் பெயர்களை எழுதிய மஞ்சள் நிறக் கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டியை எடுத்து, சுழியோட்ட நிலையத்துக்குள் வண்டியுடனேயே நுழைந்து, நிரப்பிய சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, விரும்பிய கல்லின் அருகே நிறுத்தி, துணையுடன் இறங்க வேண்டியதுதான். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நீந்தியதுமே பாறைச் சரிவு தொடங்கிவிடும். 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற சரக்குக் கப்பலையும் சுமார் 30 மீற்றர் ஆழத்தில் இப்படியே போய்ப் பார்க்கலாம். இரவில் இறங்கினால், டார்ப்பன் என்னும் பெரிய வெள்ளி மீன்கள் நம் கைவிளக்கின் ஒளியில் இரை தேடுவதற்காகத் தோளோடு தோளாகக் கூடவே வரும்.

இத்தகைய தீவில் நிறுவனத்தைத் தெரிவு செய்வது என்பது பெரும்பாலும் சிலிண்டர் நிரப்பும் நிலையத்தைத் தெரிவு செய்வதுதான். அது எத்தனை மணிக்குத் திறக்கிறது, பூட்டிய பிறகும் சிலிண்டர் எடுக்க முடியுமா, சாதாரணக் காற்றைவிட ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ் கலவைக்குத் தனிக் கட்டணமா, நீங்கள் தங்கும் இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். வந்திறங்கியதும் பூங்காக் கட்டணத்தைச் செலுத்தி, விதிகளைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டு, முதல் முறை நிலையத்தின் அருகிலேயே இறங்கி மூழ்கிவிடாமலும் மேலெழும்பிவிடாமலும் நீரில் நிற்கும் மிதவைச் சமநிலையைச் சரிபார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக விடுவார்கள். இதைத் தட்டிக்கழித்து உங்களை உடனே வண்டியேற்றி அனுப்பும் நிலையம் வேண்டாம். பூங்காக் கட்டணம் 2023 முதல் ஓர் ஆண்டுக்கு 40 அமெரிக்க டொலர்; தீவுக்குள் நுழைவதற்கு 2022 முதல் 75 டொலர் வரியும் உண்டு. பக்கேஜ் விலையில் இவை அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடங்கியிருக்காது. பிக்கப் வண்டியில் எதையும் வைத்துவிட்டு இறங்காதீர்கள். கதவைப் பூட்டிவைத்தால் கண்ணாடியை உடைப்பார்கள் என்பதால், பூட்டாமலேயே விட்டுச் செல்லும்படி உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

பொனேருக்குக் குடும்பத்துடன் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே நீளமான வெண்மணற் கடற்கரைகள் அரிது. கரை பெரும்பாலும் உடைந்த முருகைக்கற்களால் ஆனது. சுழியோடாத மனைவியோ கணவரோ, வயதான பெற்றோரோ இரண்டாம் நாளே சலித்துப்போவார்கள். படிக்கட்டுகளும் உண்டு. ஆயிரம் படிகள் என்று பெயர்பெற்ற இடத்தில் உண்மையில் இருப்பவை எழுபது படிகள்கூட இல்லை என்றாலும், முழங்கால் வலி உள்ளவர் முதுகில் சிலிண்டருடன் அவற்றில் ஏறுவதற்கு முன் இருமுறை சிந்திப்பது நல்லது.

மற்றது கொசுமெல். இங்கே கரையிலிருந்து இறங்குவது சிறு பகுதியே. பலன்கார், சாந்தா ரோசா முதலிய புகழ்பெற்ற இடங்களெல்லாம் படகில் போய் இறங்கும் இடங்கள், அதுவும் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் இடங்கள். நங்கூரமிட்ட படகுக்கு நீந்தித் திரும்பும் பழக்கம் இங்கே இல்லை. நீங்கள் ஓட்டத்துடன் போக, மேலே படகு உங்கள் குமிழிகளைப் பார்த்துப் பின்தொடரும். எனவே இங்கே நிறுவனம்தான் எல்லாம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஒருவரின் காற்று குறைந்ததும் குழு முழுவதையும் மேலேற்றுகிறார்களா அல்லது அவரை மட்டும் படகில் ஏற்றிவிட்டு மற்றவர்களைத் தொடர விடுகிறார்களா, இருக்குமிடத்தைப் படகுக்குக் காட்டும் மேற்பரப்பு அடையாள மிதவையை ஒவ்வொருவருக்கும் தருகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். ஆறு பேரைச் சிறிய, வேகமான படகில் அழைத்துச் செல்லும் நிறுவனம், இருபது பேரைப் பெரிய படகில் ஏற்றுவதைவிடச் சற்று விலை கூடியதாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை ஹோட்டல் அறையின் கடல்பார்த்த மாடத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பேன். தங்குமிடத்தைப் பொறுத்தவரை, சான் மிகேல் நகரத்தில் தங்கினால் சாப்பாட்டுக் கடைகளும் மாலை நடையும் கிடைக்கும், ஆனால் தெற்கேயுள்ள பாறைகளுக்குப் படகில் நெடுநேரம் போக வேண்டும். தெற்குக் கரை ஹோட்டல்களில் தங்கினால் நேரம் மிச்சம், ஆனால் மாலையில் ஹோட்டலே உலகம். தெற்கு ஹோட்டலின் இறங்குதுறைக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும் வெளி நிறுவனங்களும் உண்டு. ஹோட்டல் அதற்கு அனுமதிக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வாடைக்காற்று பலமாக வீசும் நாட்களில் துறைமுக அதிகாரி சிறு படகுகளுக்குத் துறையை மூடிவிடுவார். அப்படி மூடப்பட்ட நாளுக்குப் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, எந்தத் தீவுக்கும் பொருந்தும் ஒரு சோதனை. நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு நிறுவனம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைவிட, அது உங்களிடம் என்ன கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் சான்றிதழ் எந்த நிலை, கடைசியாக எப்போது இறங்கினீர்கள், எவ்வளவு ஆழம் வரை போயிருக்கிறீர்கள், ஆஸ்துமாவோ இதய நோயோ உண்டா, ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டுப் படிவம் அனுப்பும் நிறுவனம் தொந்தரவாகத் தோன்றலாம், அதுவே நம்பத்தக்கது. கடனட்டை இலக்கத்தை மட்டும் கேட்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தீவில், பெரிய ஹோட்டலுடன் இணைந்த ஒரு நிலையத்தில், தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டுமே உள்ள என் மைத்துனரை ஒரு சொல்லும் விசாரிக்காமல் அனுபவசாலிகளின் படகில் ஏற்றினார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை 18 மீற்றர். ஆழத்தைக் காட்டும் அவரது கணிப்பொறிக் கடிகாரம் அன்று காட்டியது 31. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே தம் சேவையின் தரத்துக்குச் சான்றாக அந்த நிலையத்தார் எங்களிடம் சொன்னதுதான் வியப்பு. பெலீஸ் நாட்டுக் கடலிலுள்ள ஆழமான, புகழ்பெற்ற நீலக் குழியை விற்கும் விளம்பரங்களையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். அங்குள்ள சுண்ணக்கல் தூண்களைக் காண ஏறக்குறைய 40 மீற்றர் வரை இறங்க வேண்டும். அது பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் கடைசி எல்லை.

நேரில் போன பிறகும் சில நிமிடங்களில் பலவற்றை அறியலாம். சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் வாடகை ரெகுலேற்றரின் வாய்ப்பிடியில் பல் பதிந்து கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் அதை மெதுவாக வளைத்து, ரப்பரில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். சிலிண்டரைத் திறந்துவிட்டு, அமுக்கமானியைப் பார்த்தபடியே நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழும்பினால், வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை. காற்றில் எண்ணெய் நெடியோ சுவையோ இருந்தால் அந்த சிலிண்டரை ஏற்காதீர்கள். நைட்ரொக்ஸ் எடுத்தால், ஒட்சிசன் வீதத்தை நீங்களே அளவிட்டு, சிலிண்டரில் ஒட்டிய பட்டையில் எழுதி, பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்வார்கள். நாங்கள் அளந்துவிட்டோம், கவலை வேண்டாம் என்று சொல்லி அதைத் தவிர்க்கும் இடத்தில் நைட்ரொக்ஸ் எடுக்காமல் இருப்பதே மேல். படகில் அவசர உதவிக்கான ஒட்சிசன் பெட்டி எங்கே என்று கேளுங்கள். உடனே சுட்டிக்காட்டுகிறார்களா, ஒருவரையொருவர் பார்க்கிறார்களா என்பதிலேயே விடை இருக்கும்.

காப்புறுதியைப் பற்றி ஒரு சொல். மாகாண மருத்துவக் காப்பு வெளிநாட்டுச் செலவில் மிகச் சிறு பகுதியையே ஏற்கும். பயணக் காப்புறுதியிலோ, சுழியோடுதல் முற்றாக விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஆழ எல்லையும் சான்றிதழ் நிபந்தனையும் விதிக்கப்பட்டிருக்கலாம். சுழியோட்டத்தால் நோயுற்றவரை உயர் அமுக்கத்தில் வைத்துக் குணப்படுத்தும் அமுக்க அறையில் சிகிச்சையும் அவசர விமானமும் மிகப் பெரும் செலவு. டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் போன்ற அமைப்புகள் வழங்கும் சுழியோடிகளுக்கான காப்புறுதியைத் தனியாக எடுப்பதற்குச் சோம்பக் கூடாது. பொனேரிலும் கொசுமெலிலும் அமுக்க அறைகள் உள்ளன. எல்லாத் தீவிலும் இல்லை.

தங்குமிடத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொன்னேன். பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவிகளை நன்னீரில் அலசத் தொட்டியும், இரவில் பூட்டி உலரவிட இடமும் உண்டா, அறை தரைத்தளத்திலா அல்லது மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியிலா, காலை உணவு படகு புறப்படும் முன் கிடைக்குமா என்பவை நீச்சல் தடாகத்தின் அழகைவிட முக்கியமானவை. ஏழரைக்குப் படகு, ஏழரைக்குத்தான் உணவுக்கூடம் திறக்கும் என்ற நிலை அரிதல்ல. சமையலறையுள்ள சிறிய வாடகை வீடு நம்மவர்களுக்கு வசதியானது. அதிகாலையில் சோறும் பருப்பும் வேண்டுமென்றாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் அடங்கிய பக்கேஜில் முந்தைய இரவின் இலவசக் குடிவகையும் அடங்கும். மறுநாள் காலை ஆழத்துக்கு இறங்க வேண்டியவர்களுக்கு அது இலாபமான பேரம் அல்ல.

விமானச் சீட்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தொடர்ந்து பல நாட்கள் இறங்கியவர், கடைசியாக மேலெழுந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க்கின் பரிந்துரை. உடலில் கரைந்த நைதரசன் வெளியேற அந்த அவகாசம் தேவை. ஏழு நாள் பக்கேஜில் வந்திறங்கும் நாளும் திரும்பும் நாளும் அதற்கு முந்தைய நாளின் பிற்பகலும் கழிந்துவிடும். ஏழு நாட்களுக்கும் சுழியோட்டக் கட்டணத்தை முன்கூட்டியே வசூலிக்கும் பக்கேஜ்களைத் தங்கள் விளம்பரப் பக்கங்களிலேயே கண்டிருக்கிறேன்.

சுழியோடுதலைச் சேர்த்து விற்கும் பயண முகவர்களின் விளம்பரங்களை ஏற்கும்போது, அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், உண்மையில் எத்தனை நாட்கள் இறங்க முடியும் என்ற மூன்றையும் குறிப்பிடும்படி தாங்கள் கேட்டுக்கொண்டால், வாசகர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி விசாரிக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ