அந்தக் கிரீமைக் கொடுக்கமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாமசி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

கவட்டுக்குள் பரு, சொறி என்று வருகிறவர் எப்படி வருவார் என்று உங்களுக்குத் தெரியும். கடையில் ஆள் குறையும் மட்டும் பனடோல் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, இடுக்குக்குள்ள கடிக்குது, ஒரு கிரீம் தாங்க" என்பார். நீங்களும் அவருடைய வெட்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் ஒரு டியூபைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பீர்கள். பல வேளை அது ஸ்டீரொயிட் கலந்த டியூப். இரண்டு மூன்று நாளில் கடி அடங்கும், உங்களுக்கும் நல்ல பெயர். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் தாதியாக இருந்த நான் கிளினிக்கில் பார்த்தேன்.

அந்தக் கடி படர்தாமரையாக இருந்தால், அது பூஞ்சணத்தால் வருவது. ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அமத்திவிட்டு, பூஞ்சணத்தை நிம்மதியாக வளர விடும். கிரீமை நிறுத்தியதும் தொடையெல்லாம் பரவும். வட்டமும் விளிம்பும் அழிந்து, டொக்டருக்கே இலேசில் அடையாளம் பிடிபடாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரி விழும், அந்த வரி முழுக்க மறையாது. 1967 இல் வெளியான ஓர் ஆய்வில், விதைப்பைத் தோல் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை முன்கைத் தோலைவிட 42 மடங்கு உறிஞ்சியது. கைக்குப் பூசுகிற அளவை அங்கே பூசினால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

வருகிறவர்களில் பலருக்கு மருந்தே தேவையில்லை. சேவ் எடுத்து ஓரிரு நாளில் மயிர்க்கால்களில் சின்னச் சிவப்புப் பருக்கள் வரும். வெட்டுப்பட்ட மயிர் சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்வதால் வருவது அது. கூர்ந்து பார்த்தால் நடுவில் கறுப்பாகத் தெரியும். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் மார்க்க முறைப்படி மயிர் நீக்குகிறவர்களிடம் அதை விடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதலில் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, நுரை போட்டு, மயிர் சாய்ந்த பக்கமாகவே வழிக்கச் சொல்லுங்கள். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம், மழுங்கின பிளேட்டும் வேண்டாம், அடுத்தவருடைய ரேசர் அறவே வேண்டாம். பரு வந்துவிட்டால் சூடு பொறுக்கிற துணியால் நாளைக்கு மூன்று நாலு தரம் ஒத்தடம் கொடுத்து, தளர்ந்த சாறத்தோடு இருந்தால் போதும். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து அந்த இடத்தில் அப்பி, தோல் வெந்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஊசியால் குத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி அந்த இரண்டு கேள்வி. "நோகுதா, கடிக்குதா, ஒன்றுமில்லையா?" நோவு என்றால் பெரும்பாலும் மயிர்க்கால் பருவோ சீழ்க்கட்டோ. காய்ச்சல் இருந்தால், சிவப்புப் பரவினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கட்டு மாறிமாறி வந்தால் சீனி பார்க்கச் சொல்லுங்கள்.

கடி என்றால் அடுத்த கேள்வி: "வீட்டில் வேறு ஆருக்கும் கடிக்குதா, ராவில்தான் கூடவா?" ஓம் என்றால் சிரங்கைச் சந்தேகியுங்கள். கவட்டைப் பார்க்கத் தேவையில்லை, விரலிடுக்கைக் காட்டச் சொன்னால் போதும். சிரங்குக்கு மருந்து கொடுத்தால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் பூசுகிற அளவுக்குக் கொடுங்கள். ஒரு போத்தலை மட்டும் கொடுத்தனுப்பினால் அடுத்த மாதம் அதே ஆள் திரும்பி வருவார். வேறு ஆருக்கும் கடியில்லை, தொடையில் வட்டமாக விளிம்பு தெரிகிறது என்றால் ஸ்டீரொயிட் கலக்காத, பூஞ்சணத்துக்கான வெறும் குளோட்ரிமசோல் கிரீம். கடி நின்ற பிறகும் இரண்டு கிழமை பூச வேண்டும் என்பதைப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். கால்விரலிடுக்கையும் விசாரியுங்கள். வயலில் நிற்கிறவர்களுக்கும் வாவியில் வலை வீசுகிறவர்களுக்கும் அங்கே பூஞ்சணம் இருந்தால், உள்ளாடையைக் காலால் ஏற்றும்போது அதுவும் கூடவே ஏறும். இரண்டு இடத்துக்கும் ஒன்றாகப் பூசாவிட்டால் பலனில்லை.

நோவும் இல்லை, கடியும் இல்லை என்கிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். மினுமினுப்பாக நடுவில் குழி விழுந்த பரு, பூக்கோவா மாதிரித் தடித்த மரு, நோகாத புண் இவற்றுக்கு உங்கள் றாக்கையில் மருந்தில்லை. எரிவோடு கூட்டமாக வரும் நீர்க்கொப்புளத்துக்கும் அப்படித்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசில்லை, துண்டு தேவையில்லை, இரகசியம் வெளியே போகாது. இதைச் சொல்லும்போது முகத்தைச் சுழிக்காதீர்கள். இதில் எல்லாமே பாலுறவால் வந்ததும் அல்ல, குழி விழுந்த பரு சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்.

பெண்கள் இதைக்கூடக் கேட்க மாட்டார்கள். மகனை அனுப்பி "அம்மாவுக்குக் கடிக்கு ஏதாவது" என்று கேட்க வைப்பார்கள். கவுண்டர் ஓரத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, பின்னேரத்தில் ஒரு தங்கச்சியை அங்கே நிறுத்துங்கள். ஸ்டீரொயிட் டியூப்களை முன் றாக்கையிலிருந்து எடுத்து, டொக்டரின் துண்டோடு வருகிறவருக்கு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு.