முதலில் குளம்பைப் பார்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

வாட்ஸ்அப்பில் நீ கேட்டது ஒரே வரிதான். டிசம்பரில் வரும்போது நிலவன் குதிரை ஏற வேண்டுமாம், ஊருக்கு வெளியே நல்ல இடம் இருக்கிறதா என்று. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உன் தாத்தா ரேஸ் கோர்ஸ் லாயத்தில் சைஸ், அதாவது குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை பார்த்தவர். அவர் மகன் நான். கொள்ளு வேகிற வாசனையில் வளர்ந்தவனிடம் குதிரையைப் பற்றிக் கேட்டால் கடிதம்தான் வரும்.

உன் அம்மா ஊட்டிக்குக் கூட்டிப்போகலாம் என்கிறாள். ஏரிக்கரையில் குதிரைகள் நிற்கும், கொடைக்கானல் ஏரியிலும் அப்படித்தான். ஆனால் அதற்குப் பெயர் சவாரி இல்லை. லகானைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் முன்னால் நடப்பார், போட்டோ எடுத்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஊட்டி வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அது அப்புறம்.

குனிகல் போகலாம் என்றும் யாராவது சொல்வார்கள். இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர், துமகூரு மாவட்டம். திப்பு காலத்திலேயே படைக்குக் குதிரை வளர்த்த இடம் என்பார்கள். ஆனால் அது பந்தயக் குதிரைகளை வளர்த்தெடுக்கும் பண்ணை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஏறுகிற இடமில்லை.

முறையாகப் பழக வேண்டும் என்றால் வடக்கே போ. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் எம்பஸி ரைடிங் ஸ்கூல் 1996இலிருந்து இருக்கிறது. நம் ஊர்ப் பையன் ஃபவாத் மிர்ஸா பழகியது அங்கேதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனியாகவும் அணியோடும் இரண்டு வெள்ளி வாங்கினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போனார். அதற்கு முன் குதிரையேற்றத்தில் இந்தியர் யாரும் ஒலிம்பிக்ஸ் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அவரை டிவியில் பார்க்கத் தாத்தா இல்லையே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதையும் தாண்டிப் போனால் தேவனஹள்ளி, நந்தி மலை அடிவாரப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். அங்கேயும் தெற்கே கனகபுரா சாலையிலும் நாலைந்து குதிரை வைத்துக்கொண்டு சொல்லித்தருகிறவர்கள் உண்டு. நல்லவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரரின் காரில் கனகபுரா சாலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். வாசலில் வெள்ளைக் குதிரை, கழுத்தில் ஜரிகை மாலை, நெற்றியில் குஞ்சம். சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். குதிரையைப் பிடித்திருந்த பையனுக்கு மனசே இல்லை. தூக்கினபோது முதுகில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. நான் தொடக்கூட இல்லை, கையைக் கொண்டுபோனதற்கே தோல் சிலிர்த்துக்கொண்டது. காபி கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டோம்.

அதனால் இடத்தின் பெயரை விடு, முதலில் குதிரையைப் பார். தாத்தா குளம்பிலிருந்துதான் ஆரம்பிப்பார். காலைத் தூக்கினால் அடியில் சாணி அடைந்து நாறக்கூடாது. லாடம் கட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று கேள். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். யோசித்துப் பதில் சொன்னால் வெளியே வந்துவிடு. பந்தயத்திலிருந்து வந்த குதிரையா என்றும் கேள், ஓட்டம் முடிந்த குதிரைகள் இப்படிப்பட்ட இடங்களுக்கு நிறைய வரும். பயந்துபோன பிள்ளை லகானை இறுக்கிப் பிடிக்கும். நாம் நிற்கும் என்று நினைப்போம். பந்தயக் குதிரை இறுக்கின லகானில் வாயைச் சாய்த்து இன்னும் வேகமாகப் போகப் பழகினது. நிலவனுக்கு வயசான, சோம்பேறிக் குதிரைதான் வேண்டும்.

பின்னால் போய் நிற்காதே என்று அவனிடம் இப்போதே சொல்லிவை. நேர் பின்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது. இடது பக்கமாக வந்து, குரல் கொடுத்து, கழுத்தைத் தட்ட வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஏற்றினால் சண்டை போடு.

இப்போது ஊட்டி. உனக்கு ஏழு வயசு. பலூன் வெடித்ததில் மட்டக்குதிரை துள்ளி, நீ புல்லில் சரிந்து விழுந்தாய். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். தாத்தா ஓடிவந்து உன் கையை உதறிப் பார்த்துவிட்டு, "இப்பவே திரும்ப ஏத்துடா, விட்டா அந்தப் பயம் போகாது" என்றார். நான் அத்தனை பேர் முன்னால் அவரைச் சத்தம் போட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. போய் அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். மைசூர் வரும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் லாயத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீ எத்தனை தடவை கேட்டாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னேன்.

சரி. டிசம்பர் காலை ஆறரைக்கு நல்ல குளிர் இருக்கும், நிலவனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வா. செருப்போடும் வழவழப்பான ஸ்போர்ட்ஸ் ஷூவோடும் ஏற்ற மாட்டார்கள், சேணத்தில் கால் வைக்கிற அங்கவடிக்குள் கால் வழுக்கிப் போய்விடும். கொஞ்சம் குதி வைத்த ஷூ வேண்டும். சிவாஜிநகரில் தைத்து வாங்கிவிடுகிறேன். அவன் கால் அளவை அனுப்பு, உன்னுடையதையும்.

அன்புடன்,
அப்பா