ஆண்டறிக்கை 2024–25: ஓய்வுபெற்ற செவிலியர் சங்கம், காரைக்குடி வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அக்கா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் சிஸ்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் என்னை ஒருமனதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தீர்கள். வேறு யாரும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாத மாதங்களில் வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியில் பழனி பாதயாத்திரைக்காரர்களின் கால் கொப்புளங்களுக்கு மருந்து போட்டுக் கட்டினோம். ஓய்வூதிய நேர்காணலுக்குப் போக முடியாத மூத்த உறுப்பினர்களுக்கு உதவினோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். ஊர் மாநகராட்சி ஆனதும் ஹால் வாடகையும் மாநகராட்சித் தரத்துக்கு ஏறிவிட்டதால் இந்த ஆண்டு பொங்கல் விழா நடத்தவில்லை.

மே 12 செவிலியர் தின விழாவுக்கு ஹால் நிறைந்தது. எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை, கையில் மெழுகுவத்தி, போட்டோ, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம். குறை சொல்லவில்லை. ஆனால் அன்று நான் பேசியதைக் கேட்டவர்கள் முன்வரிசை மட்டும்தான் என்பதால் இங்கே சுருக்கமாக மறுபடி சொல்கிறேன். நம் தொழிலுக்கு முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையாரை நாம் கையில் ஏந்திய விளக்கோடு மட்டும் நிறுத்திவிட்டோம். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் செய்த பெரிய வேலை பேனாவால் செய்தது. சிப்பாய்கள் குண்டடியால் செத்ததைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் செத்ததே அதிகம் என்று 1858-ல் வரைபடம் போட்டுக் காட்டி அரசாங்கத்தை உலுக்கினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் இந்தியச் சுகாதாரத்தைப் பற்றி எழுதித் தள்ளினார். படுத்துக் கிடப்பவனுக்காக எழுந்து பேசியவர் அவர். மெழுகுவத்தி ஏந்தும் நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் கதை உங்களுக்குத் தெரியும். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தவரை 2015-ல் அவர் இறக்கும்வரை 42 ஆண்டுகள் சக நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். அவரைக் கருணைக்கொலை செய்யலாமா என்ற வழக்கில், அவர் சார்பாகப் பேசும் தகுதி அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்று 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தினமும் தொட்டுப் புரட்டிப் படுக்க வைத்த கைகளுக்கு நீதிமன்றம் கொடுத்த மரியாதை அது.

இனி ‘துணைக்கு ஒரு சிஸ்டர்’ திட்டம். இது செயலாளரின் சொந்தத் திட்டம் என்று வெளியே பேசப்படுவதாகக் கேள்வி. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

நம் பக்கத்து நிலைமை உங்களுக்கே தெரியும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தால் மூச்சு வாங்கும் வீடுகளில் ஓர் ஆச்சியும் ஒரு சமையல்காரம்மாவும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். டாக்டர் சொல்வதை ஆச்சி பாதி கேட்பார், மீதி பாதியை மகன் வீடியோ காலில் கேட்பார், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. அந்த இடத்தில் நம்மில் ஒருவர் போய் உட்கார வேண்டும். இவ்வளவுதான் திட்டம். வைத்தியம் நாம் சொல்வதில்லை. இது என்ன நோய், இந்த மருந்து எதற்கு, ஏற்கெனவே சாப்பிடுவதில் எதை நிறுத்துவது, வேறு வழி உண்டா, என்ன தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்து ஆச்சிக்குப் புரியும் தமிழில் சொல்கிறோம்.

ஒன்றைச் சொல்கிறேன். மதுரையில் மருத்துவமனையில் சேர்த்து வீடு திரும்பிய ஓர் ஆச்சிக்குத் தலைசுற்றல், இரண்டு காலும் வீக்கம். “வயசாச்சுல்ல, அப்பிடித்தான் இருக்கும்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நம் உறுப்பினர் போய்ப் பட்டாலையில் உட்கார்ந்து, மாத்திரையெல்லாம் கொண்டாங்க ஆச்சி என்றார். வந்தது ஒரு பழைய தேன்குழல் டின். உள்ளே அட்டை அட்டையாக, சில பாதி கிழிந்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் படித்தால், உள்ளூர் டாக்டர் முன்பே கொடுத்ததும் மதுரையில் புதிதாகக் கொடுத்ததும் பெயர்தான் வேறு, இரண்டுமே அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. ஆச்சி காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். உடனே டாக்டருக்குப் போன். ஒன்றை நிறுத்தச் சொன்னார், நன்றியும் சொன்னார். வீக்கம் வடிந்தது. இதில் டாக்டரோடு என்ன சண்டை?

சண்டை என்ற பேச்சு நம் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. “ஊர் வம்பை ஏன் விலைக்கு வாங்கணும்” என்று ஒரு சிஸ்டர் எழுதினார். அதற்குப் பத்துக் கட்டை விரல். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் இருந்தபோது மெமோ வரும், டிரான்ஸ்ஃபர் வரும் என்று பயந்தோம். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை மூடியபின் நோயாளி நம் முகத்தைப் பார்ப்பார். நாம் ட்ரிப் பாட்டிலைப் பார்ப்போம். இப்போது யார் நமக்கு மெமோ கொடுப்பது? பென்ஷனை யாரும் பிடிக்க முடியாது. இப்போதும் பேசாவிட்டால் எப்போது பேசுவது?

கேட்பதற்குச் சட்ட பலமும் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவில் நோயாளி உரிமைகள் 17. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். மருந்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது. சிகிச்சைப் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. பரிசோதனைக்கு வாங்கிய கையெழுத்து ஆபரேஷனுக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்திருக்கிறோம். கட்டு கட்டாக என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. போகும் வழியில் வந்து எடுத்துச் செல்லவும்.

புதுவயல் ரைஸ்மில் தொழிலாளி ஒருவர், மனைவியை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவர் வீட்டுப் பெட்டியில். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, அந்த மருத்துவமனையும் திட்டப் பட்டியலில் இருந்தது. அட்டை இருக்கிறதா என்று கவுன்டரில் யாரும் கேட்கவில்லை. நம் சிஸ்டர் கேட்டார். “நீங்க யாரு, சொந்தமா?” என்று நிற்க வைத்துவிட்டார்கள், அதுவும் நம்மிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகள் வேலை பார்க்கும் இடத்தில். அன்று முதல், இன்னார் என் சார்பில் கேட்கலாம் என்று நோயாளியே கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாரும் போவதில்லை.

நோயாளி ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று இழுபடும்போதுதான் நம் அனுபவம் பேச வேண்டும். தேவகோட்டைப் பக்கம் ஓர் ஐயாவுக்குப் புற்றுநோய். “அப்பச்சிட்ட சொல்லிராதீங்க சிஸ்டர்” என்று மகன்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐயாவோ தனியாக இருக்கும்போது, “எனக்கு என்னன்னு நீயாவது சொல்லு தாயி, கோயில் கணக்கு ஒப்படைக்கணும்” என்கிறார். நம் உறுப்பினர் மகன்களைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, அவர் நேராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். சொன்னார்கள். ஐயா கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்துவிட்டு, கணக்குப்பிள்ளைக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

இந்த வேலையைச் செய்தவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். பயிற்சிக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று குழுவில் பூங்கொத்துப் போட்டவர்களில் பாதிப்பேரை அன்று கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்ததாகத் தகவல். மூட்டுவலி உண்மைதான், எனக்கும் உண்டு. பேரப்பிள்ளை உண்மைதான். ஆனால் இரண்டும் செவிலியர் தினத்தன்று மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை.

வரவு செலவை பொருளாளர் விவரமாக வாசிப்பார். மொத்தத்தில் வரவு எதிர்பார்த்ததற்குக் கீழே, செலவு எதிர்பார்த்ததற்குச் சற்று மேலே, கையிருப்பு நிலைமை கவலைப்படும்படி இல்லை, மகிழும்படியும் இல்லை. ஆட்டோச் செலவு கூடியிருப்பது மேற்படி திட்டத்தால். அச்சுக்கூலி ஒரு நன்கொடையாளர் தந்தது. பெயர் வேண்டாம் என்றுவிட்டார். சந்தா பாக்கிதான் பெரிய தொகை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் அக்கா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

ஹால் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், சமையல் அம்மாக்களுக்கும், தணிக்கையாளருக்கும், போனை எடுத்துப் பொறுமையாகப் பேசிய டாக்டர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுக்கான நிர்வாகிகள் தேர்தல் இன்றே நடக்கிறது. நான் தொடர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தேவகோட்டைப் பக்கம் இரண்டு பேரும் பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஒருவரும் ‘துணைக்கு’ப் போகிறேன் என்று இன்று எழுந்து பெயர் கொடுத்தால் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் தீர்மானப் புத்தகமும் பீரோ சாவியும் மேசைமேல் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு தயார். பந்திக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார், ஜீபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்