பட்டன் கெட்டதற்கு மதர்போர்டை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தியும் ஆன் ஆகவில்லை என்றால், உடனே எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது, மதர்போர்டு (எல்லா பாகங்களும் இணையும் முக்கிய போர்டு) போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். தேய்ந்துபோன ஒரு சின்ன சுவிட்சுக்காக ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது அநியாயம். சுவிட்சைச் சோதித்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற டெஸ்க்டாப் அமைப்பு முறையில், முன்பக்க பட்டனுக்கு 230 வோல்ட் வருவதே இல்லை. அதற்கு முந்தைய ஏடி பெட்டிகளில் நேராக சுவிட்சுக்கே வந்தது; அவற்றைத் தொடவே வேண்டாம். ஏடிஎக்ஸில் பட்டன் செய்வதெல்லாம் மதர்போர்டின் இரண்டு பின்களை ஒரு நொடி இணைப்பதுதான்.

பக்க மூடியைக் கழற்றினால், முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள் போர்டின் ஓரத்தில் வந்து சேருவது தெரியும். பெரும்பாலான போர்டுகளில் அங்கே இரண்டு வரிசையாக 9 பின்கள். பத்தாவது இடம் காலி. காலி இடம் உள்ள வரிசையில், அதை ஒட்டிய 8, 6 ஆகிய இரண்டும் பவர் சுவிட்சுக்கு உரியவை. எதிர் வரிசையின் 7, 5 ரீசெட்டுக்கு. போர்டில் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; சில பிராண்டட் பெட்டிகளில் இந்த அமைப்பே வேறு.

பவர் சுவிட்சின் கனெக்டரை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அருகிலுள்ள யுஎஸ்பி பின்களில் 5 வோல்ட் இருக்கும், அதில் உரசக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆனால் குற்றவாளி சுவிட்ச்தான். ஆகவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா வயருக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட் காட்டாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆன் ஆகி நாலைந்து நொடியில் அணைந்துவிடுகிறதா? அதற்கும் இதே சோதனைதான். பட்டன் உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருந்தால், நாம் விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக எண்ணி போர்டு தானே நிறுத்திவிடும். வீட்டு லைட் சுவிட்ச் போன்ற ஆன்-ஆஃப் வகையைப் பொருத்தினாலும் இதே கதிதான். அழுத்தி விட்டதும் திரும்பி வருகிற புஷ் பட்டன்தான் வேண்டும்.

புது சுவிட்ச் வாங்கும்வரை, ரீசெட் கனெக்டரை எடுத்து பவர் பின்களில் செருகினால் போதும். ரீசெட் பட்டனே பவர் பட்டனாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். நாலு கால் கொண்ட குட்டி டாக்ட் சுவிட்சைச் சால்டர் செய்பவர்கள் மூலைக்கு மூலை எதிரெதிர்க் கால்களில் வயரை வையுங்கள். கால்கள் உள்ளுக்குள் இரண்டிரண்டாக ஏற்கெனவே இணைந்திருக்கும். ஒரே ஜோடியில் வைத்துவிட்டால் எப்போதும் அழுந்தியபடியே இருக்கும். சால்டர் செய்யும்போது பவர் கார்டைக் கழற்றியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யார் செய்தாலும் அனுமதிக்காதீர்கள்: பட்டன் இல்லாமலே ஓட வைக்க, எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யும் பச்சை வயரையும் கறுப்பையும் நிரந்தரமாக முறுக்கி வைப்பது. ப்ராசஸர் அளவுமீறிச் சூடானால், பச்சை வயரை விடுவித்துத்தான் போர்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. முறுக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஷட்டவுன் கொடுத்தாலும் எஸ்எம்பிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனே இல்லாமல் ஓட்ட நினைப்பவர்களுக்குப் பெரும்பாலான போர்டுகளின் பயாஸிலேயே (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) வழி இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை ‘பவர் ஆன்’ என்று மாற்றினால், பிளக் சுவிட்சைப் போட்டதுமே கம்ப்யூட்டர் கிளம்பிவிடும். அணைக்கும்போது ஷட்டவுன் கொடுத்துவிட்டுத்தான் பிளக்கை நிறுத்த வேண்டும்.

– கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர், திருச்சி