சொந்தமாக நூல் வெளியிடுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைக்காசு போட்டு நூல் வெளியிடும் நம் எழுத்தாளர்கள் சிலர், வெளியீட்டு விழாவின் மண்டபத்துக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மெய்ப்புத் திருத்தத்துக்குக் காட்டுவதில்லை. முகத்துக்காக விழாவில் வாங்கியவர், பிழை மலிந்த அந்நூலைப் புரட்டிய பின் அடுத்த நூலைத் தொடமாட்டார். ஆகவே, அச்சுக்கு அனுப்பும் முன், நம்மைப் பாராட்டியே பழகாத ஒருவரிடம் கைப்பிரதியைக் கொடுத்துத் திருத்தி வாங்குவதும், பின்னாளில் மின்னூலாக்க வசதியாக யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்வதும் நல்லது.

நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள மலேசியத் தேசிய நூலகம் கட்டணமின்றியே வழங்குவதால், அதற்கென இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூலின் 5 படிகளை அந்நூலகத்திடமே ஒப்படைக்கவும் வேண்டும். முதற்பதிப்பில் 100 படிகள் போதும். விற்றுத் தீர்ந்தால் மறுபடி அச்சிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்