தமிழில் ஒரு நேரலை

ஆசிரியருக்கு வணக்கம்.

இளையர்கள் தமிழில் பேசுவதில்லை என்று நாம் புலம்பாத நாள் கிடையாது. சனிக்கிழமை இரவு உட்லண்ட்ஸில் என் அக்கா வீட்டுக்கு வந்து பாருங்கள். தேசிய சேவையிலிருந்து வார விடுப்பில் வந்த மகன், துணி துவைக்கப் போட்ட கையோடு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டுவிட்ச் என்ற இணையத் தளத்தில் மின்விளையாட்டு நேரலை தொடங்கிவிடுவான், "டேய், பின்னாடி பாருடா, சுடுறான்!" என்று அவன் போடும் சத்தம் மின்தூக்கி வரை கேட்கும். போன வாரம் பார்த்தவர்கள் 11 பேர். அதில் ஒருவர், கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற என் அக்கா!

சம்பாத்தியமா? இதுவரை கிடைத்தது இரண்டு பரோட்டா, ஒரு தே தாரேக்குக்குச் சரியாகப் போகும். சந்தா வந்தாலும் சாதாரண ஒளிபரப்பாளரிடம் தளம் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்ளும். 2014ல் அமேசான் டுவிட்சை ஏறக்குறைய 970 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது சும்மாவா? பெரிய நிறுவனம் பின்னால் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது, மைக்ரோசாஃப்ட் நடத்திய மிக்சர் என்ற இதே மாதிரித் தளம் 2020ல் மூடப்பட்டது. அதனால் படிப்பை விட்டுவிடாதே என்று அவனிடம் நானும் சொல்லத்தான் செய்கிறேன்.

ஆனால் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் தமிழில் பேசுகிறானே, அதை எந்த வகுப்பில் வாங்க முடியும்? (கெட்ட வார்த்தைகள் கொஞ்சம் வரும், அது வேறு விஷயம்.) அடுத்த ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்ற மேடைக்குப் பக்கத்தில் இவனைப் போன்றவர்களுக்கும் ஒரு மேசை போடுங்களேன்.

ஒரு தாய்மாமன்,
உட்லண்ட்ஸ்