காப்பகப் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருடம் எங்கள் நாய் காணாமல் போனது. மாநகராட்சி நடத்தும் ஒரு காப்பகத்துக்கு ஓடினேன். பதிவேட்டில் "பழுப்பு, ஆண்" என்று வரிசையாக 11 வரி, எங்களுடையதோ பெண், அதனால் இங்கே இல்லை என்று அனுப்பப் பார்த்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனால் மூன்றாவது கூண்டில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்! கழுத்துப்பட்டையில் எங்கள் போன் நம்பர் அப்படியே இருந்தது.

பக்கத்துக் கூண்டில் ஒரு குட்டி ரத்தபேதியோடு சுருண்டு கிடந்தது. பார்வோ என்கிற, நாய்களைக் கொல்லும் வைரஸ் நோயாக இருக்குமோ என்று பயமாகிவிட்டது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், வெறும் ஃபினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். அதனால்தான் காப்பகத்துக்கு நாய் வந்த உடனேயே தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். இங்கே கேட்டால், டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், அன்றைக்குப் போடுவோம் என்றார்கள்.

கூண்டு கழுவுகிறவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்குச் சுத்தம் செய்ய 9 நிமிடம், தீனி வைக்க 6 நிமிடம் என்று குறைந்தது 15 நிமிடமாவது வேண்டும் என்பது காப்பகங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 80 விலங்கு என்றால் 20 மணி நேரம். நான் பார்த்தது இரண்டே ஆட்கள், கேட் திறப்பதும் போன் எடுப்பதும்கூட அவர்கள்தான். இத்தனை விலங்குக்கு இத்தனை ஆள் போதும் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? கேள்வி அவருக்குத்தான்.

காப்பகத்துக்கு வந்த விலங்குகளில் உயிரோடு வெளியே போவது 90 சதவீதத்தைத் தொட்டால் "கொல்லாத காப்பகம்" என்று பெயர் வாங்கிவிடலாம். ஆனால் நோயாளி நாயை வாசலிலேயே திருப்பி அனுப்பினாலும் அந்த எண் ஏறும், கூண்டிலேயே செத்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் ஏறும். எனவே சதவீதம் வேண்டாம், மாதாமாதம் எத்தனை வந்தன, எத்தனை உரிமையாளரிடம் போயின, தத்துப் போயின, கருணைக்கொலை செய்யப்பட்டன, கூண்டில் இறந்தன, காணாமல் போயின என்று எண்ணிக்கையாகவே வாசலில் ஒட்டட்டும். கடைசி இரண்டும் கட்டாயம்.

அப்புறம் ஒன்று. எங்கள் நாயைக் கூட்டிவந்தபோது யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை. அவர்கள் பதிவேட்டின்படி அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், அதுவும் ஆணாக.

– ஒரு வாசகர்